காற்றின் கணக்கு யாருக்கு?

எமது கரையோரக் கிராமங்களில் காற்றுக்குப் பெயர் உண்டு. சோளகம், கச்சான், கொண்டல், வாடை என்று திசையையும் பருவத்தையும் வைத்துப் பிரித்துச் சொல்வர். எந்தக் காற்றுக்கு எந்த வலை, எந்தக் காற்றுப் பெயரும்போது வாடியைக் கிளப்ப வேண்டும் என்பதெல்லாம் எழுதி வைக்காத கணக்கு. ஆனால் அந்தக் கணக்கில் இலக்கம் இல்லை. "இண்டைக்குக் காத்துக் கொஞ்சம் கூட" என்றால் கேட்பவருக்கு விளங்கிவிடும். செக்கனுக்கு எத்தனை மீற்றர் என்று எவரும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவையும் இருந்ததில்லை.

இன்று அந்தத் தேவை வந்துவிட்டது. காற்று விலைப்படும் பொருளாகிவிட்டது. அதன் வேகத்தை இலக்கத்தில் சொல்லத் தெரிந்தவரே காற்றாலை எங்கே நிற்க வேண்டும், காணிக்கு என்ன விலை, மின்சாரத்துக்கு என்ன கட்டணம் என்று பேசுகிறார். சொல்லத் தெரியாதவர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார். இந்த நிலையில், ட்ரோன் எனப்படும் ஆளில்லாச் சிறு வானூர்திகளில் கைக்குள் அடங்கும் உணர்கருவிகளைப் பொருத்திக் காற்றை அளக்கும் முறை பல நாடுகளிலும் பரவி வருகிறது. இம்முறை எமது பகுதிகளுக்கும் பயன்படும் என்பது எமது கருத்து. ஆனால் அதை யார் பறக்கவிடுவது, கிடைக்கும் இலக்கங்கள் யாரிடம் போய்ச் சேருவது என்ற இரண்டு கேள்விகளுக்கும் முன்கூட்டியே விடை வேண்டும்.

காற்றை அளப்பதில் குருமாருக்கு ஒரு பழைய தொடர்பு உண்டு என்பதை வாசகர் சிலர் அறியாதிருக்கலாம். நான்கு கிண்ணங்கள் சுழலும் காற்றுமானியை 1846இல் அமைத்தவர் ரொம்னி றொபின்சன் என்ற அயர்லாந்து மதகுரு. ஆர்மா வானாய்வு நிலையத்தைப் பொறுப்பேற்று நடத்தியவரும் அவரே. கியூபாவின் ஹவானா நகரில் இயேசு சபைக் குருவான பெனித்தோ வினியெஸ் 1875இல் சூறாவளி வருவதை முன்கூட்டியே அறிவித்தார். மணிலாவில் அதே சபையைச் சேர்ந்த பெதரிக்கோ ஃபௌரா 1879இல் அவ்வாறு எச்சரிக்கை விடுத்தார். இவர்கள் தாம் அளந்ததைப் பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை. ஊர் அறியச் சொன்னார்கள். பின்னர் சொல்லப்போகும் விடயத்துக்கு இது தேவைப்படும் என்பதால் இங்கே குறித்து வைக்கிறோம்.

கருவியை மேலே ஏற்றி அளக்க வேண்டும் என்ற எண்ணமும் புதியதல்ல. 1749இல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவில் அலெக்சாண்டர் வில்சன் என்பவர் பட்டங்களில் வெப்பமானிகளைக் கட்டி உயர ஏற்றினார். 1894இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகருக்கு அருகிலுள்ள புளூ ஹில் நிலையத்தில் தானே பதிவு செய்யும் கருவியைப் பட்டத்தில் அனுப்பினார்கள். வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலுக்குப் பட்டம் ஏற்றும் பிள்ளைகளுக்கு இதன் பயனை விளங்கப்படுத்தத் தேவையில்லை. கீழே இலை அசையாத நேரத்திலும் மேலே ஏறிய பட்டம் கயிற்றை இழுத்துக்கொண்டு நிற்கும். விண் கூவும் சத்தம் மாறுவதைக் கேட்டே மேற்காற்றின் போக்கைச் சொல்லிவிடலாம். ட்ரோன் செய்வதும் ஒருவகையில் அதுவே, கயிறு இல்லாமல், இலக்கத்தோடு.

அது எவ்வாறு அளக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். ஏனெனில் விளங்காத கருவிக்கு முன்னால் எமது மக்கள் எப்போதும் வாய் அடைத்து நிற்கிறார்கள்.

வழிகள் இரண்டு. முதலாவது, சுழலும் பகுதி எதுவுமில்லாத ஒரு சிறிய ஒலியலைக் காற்றுமானியை ட்ரோனின் மேல் ஒரு குச்சியில் நிறுத்துவது. காதுக்குக் கேளாத ஒலி அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும். மறுபடி எதிர்த்திசையில் வரும். காற்றோடு போகும் ஒலி விரைவாகவும் காற்றுக்கு எதிரே வரும் ஒலி தாமதமாகவும் சேரும். அந்த நேர வித்தியாசத்திலிருந்து காற்றின் வேகமும் திசையும் கிடைக்கின்றன. இவற்றுட் சில ஐம்பது கிராம் அளவே நிறையுடையவை. குச்சி எதற்கென்றால், ட்ரோனின் விசிறிகள் தாமே பெருங்காற்றைக் கீழே தள்ளுகின்றன. அந்தக் காற்றையே அளந்துவிட்டு இயற்கைக் காற்று என்று எழுதிவிடக் கூடாது. ஆகவே கருவியை விசிறிகளுக்கு மேலே, அவற்றின் இழுப்புக்கு எட்டாத தூரத்தில் நிறுத்துகிறார்கள்.

இரண்டாவது வழி இன்னும் எளிமையானது. அதற்குத் தனிக் காற்றுமானியே வேண்டியதில்லை. எதிர்க்காற்றில் நடப்பவர் முன்னால் சாய்ந்து நடப்பதைப் பார்த்திருக்கிறோம். காற்றுக் கூடக் கூடச் சாய்வும் கூடும். ஓரிடத்தில் அசையாமல் நிற்கும்படி பணிக்கப்பட்ட ட்ரோனும் அப்படியே காற்றின் பக்கம் சாய்ந்துகொண்டுதான் நிற்க முடியும். அந்தச் சாய்வை அளக்கும் கருவி ஒவ்வொரு ட்ரோனுக்குள்ளும் ஏற்கெனவே இருக்கிறது, அது இல்லாமல் ட்ரோன் பறக்கவே மாட்டாது. எந்தச் சாய்வுக்கு எந்த வேகம் என்று ஒரு நம்பகமான காற்றுமானிக்குப் பக்கத்தில் பறக்கவிட்டு ஒப்பிட்டு அட்டவணை செய்துவிட்டால் போதும். அமெரிக்காவின் ஒக்லஹோமா பல்கலைக்கழகத்தினர் உருவாக்கிய ட்ரோன் இம்முறையிலேயே காற்றை அளக்கிறது; அது தானாகவே முகத்தைக் காற்றுக்கு எதிரே திருப்பிக்கொள்ளும், வீட்டுக் கூரையில் நிற்கும் காற்றுச் சேவலைப் போல. கவனமாக ஒப்பிட்டுத் திருத்தினால் பிழை செக்கனுக்கு ஒரு மீற்றர் அளவுக்குள் அடங்கும்.

இந்த விளக்கத்தில் ஒன்றைக் கவனிக்கும்படி வாசகரைக் கேட்கிறோம். இரண்டு வழிகளிலும் காற்றை அளக்கக் கமரா தேவையில்லை.

ஏன் இதைச் சொல்கிறோம் என்றால், வன்னியில் 2009 வரை ஆளில்லா விமானத்துக்கு எமது மக்கள் வைத்திருந்த பெயர் 'வண்டு'. தலைக்கு மேல் வண்டு இரைந்தால் அதன் பின்னால் என்ன வரும் என்று பிள்ளைகளுக்கும் தெரியும். அந்த இரைச்சலோடு வளர்ந்த பிள்ளைகள் இன்று பிள்ளை பெற்றவர்கள். திருமண வீட்டில் படம் எடுக்க ட்ரோன் வரும்போதும் சிலர் எழுந்து உள்ளே போகிறார்கள் என்றால் அதை அறியாமை என்று சொல்ல எமக்கு மனம் வரவில்லை. ஆகவே காற்றை அளக்க வருபவர், அவர் பல்கலைக்கழகமாயினும் திணைக்களமாயினும் கம்பனியாயினும், பறக்கவிடுமுன் ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும். கமரா பூட்டியிருந்தால் கழற்ற வேண்டும். சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் அனுமதி கையில் இருக்கிறது என்பது ஊருக்குச் சொல்லாமல் விடுவதற்குக் காரணமாகாது. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின் நாடு முழுவதிலும் ட்ரோன் பறப்பதற்குத் தடை போட்டதும் அதே அதிகாரசபைதான். பாதுகாப்புக்கு அஞ்சுவது அரசுக்கு மட்டும் உள்ள உரிமை அல்லவே.

இனி, எமது பகுதிக்கு இதனால் என்ன பயன்?

காற்றை அளக்கும் ஒழுங்கான நிலையங்கள் எம்மிடம் மிகக் குறைவு. யாழ்ப்பாணம், மன்னார், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு என்று வளிமண்டலவியல் திணைக்களத்தின் நிலையங்கள் ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில் இருக்கின்றன. உலக நியமத்தின்படி காற்றுமானி நிலத்திலிருந்து பத்து மீற்றர் உயரத்தில், தடையில்லாத வெளியில் நிற்க வேண்டும். அது ஓரிடத்தின், ஓர் உயரத்தின் காற்றை மட்டுமே சொல்லும். அதற்கு மேலே என்ன நடக்கிறது என்பதை அறியப் பலூனைப் பறக்கவிட்டுப் பார்க்கிறார்கள். பலூன் திரும்பி வராது, செலவும் கூட. பத்து மீற்றருக்கும் பலூன் விரைந்து கடந்துவிடும் முதல் சில நூறு மீற்றருக்கும் இடையிலுள்ள காற்றுத்தான் எமது வாழ்வோடு கூடிய தொடர்புடையது. அங்கேதான் அளவு இல்லை. அங்கேதான் ட்ரோன் ஏறுகிறது.

ஓர் உதாரணம் சொல்வோம். இரவில் நிலம் குளிர்ந்ததும் அதை ஒட்டிய காற்று அடங்கிவிடும். ஆனால் மூன்று நான்கு பனை உயரத்துக்கு மேலே காற்று அடங்குவதில்லை. சில இரவுகளில் பகலைவிடப் பலமாகவும் ஓடும். விடிந்து வெயில் ஏறி நிலம் சூடாகியதும் மேலே உள்ள காற்றும் கீழே உள்ளதும் கலக்கும். அப்போது காலை ஒன்பது, பத்து மணிக்கு "திடீரென்று" காற்று எழும்பும். அது திடீரென்று வந்ததல்ல. விடிய முன்னரே தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்ததுதான். களப்பில் தொழில் செய்பவருக்கும், விடியற்காலையில் வயலுக்குக் களைநாசினி அடிக்கத் தொடங்குபவருக்கும் அதை இரண்டு மணி நேரம் முன்னே அறிவது சிறிய உதவி அல்ல. மருந்து பக்கத்து வயலுக்கும் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் போய்ச் சேருவதும் காற்றினால்தானே. (மருந்து அடிக்குமுன் காற்றுப் பார்ப்பதற்கு ட்ரோனே வேண்டும் என்று யாராவது விற்க வந்தால் நம்ப வேண்டாம். அதற்குக் கையில் பிடிக்கும் சிறு காற்றுமானி போதும்.)

கடல் வேறு. 2011 நவம்பர் 25ஆம் திகதி தென்கரையில் எழும்பிய கடுங்காற்றில் மீனவர் பலர் இறந்தனர். 2013 யூன் 8ஆம் திகதி தென்மேற்குக் கரையில் மீண்டும் அதுவே நடந்தது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் திரும்பி வரவில்லை. உரிய எச்சரிக்கை உரிய நேரத்தில் கிடைக்கவில்லை என்ற குற்றச்சாட்டு இரண்டு முறையும் எழுந்தது. கடலை அறிந்த எமது மீனவருக்குக் கருவி எதற்கு என்று பெருமையோடு கேட்பவர்கள் உண்டு. கலிலேயாக் கடலை அறிந்த மீனவச் சீடர்களும் அந்தக் கடலின் காற்றுக்குக் கலங்கியவர்களே. மலைகளுக்கிடையிலிருந்து அந்த ஏரிக்குள் காற்று இறங்கும் விதம் அப்படிப்பட்டது. அனுபவம் குறைந்ததனால் அல்ல.

ஒரு கரையில் ஒரு ட்ரோன் பறப்பதால் நாளைய புயல் தெரிந்துவிடாது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எதிர்வுகூறல் பெரிய கணனிகளில் நடக்கிறது; அந்தக் கணனிகளுக்குப் பல இடங்களின் அளவுகள் வேண்டும். உலக வளிமண்டலவியல் நிறுவனம் 2024 மார்ச் முதல் செப்டெம்பர் வரை பல நாடுகளில் ஆளில்லா வானூர்திகளைப் பறக்கவிட்டுப் பார்த்தது இதற்காகவே. அளவுகள் உடனுக்குடன் கிடைத்தால் எதிர்வுகூறல் திருந்துமா என்பதே அங்கே கேள்வி. சுவிற்சர்லாந்து நிறுவனம் ஒன்றின் ட்ரோன்கள் ஆறு கிலோமீற்றர் வரை ஏறி இறங்குகின்றன. அமெரிக்காவில் 2018 யூலையில் கொலராடோ மலைப் பள்ளத்தாக்கு ஒன்றில் ஒரு வார காலத்துக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பறப்புக்களைச் செய்து காற்று இறங்கும் விதத்தை அளந்தார்கள். எமக்கு அவ்வளவு வேண்டாம். ஆனால் எமது வட கீழ்க் கரைகளிலிருந்து எதுவும் போகாவிட்டால் அந்தக் கணனிகள் எமது காற்றை ஊகித்துத்தான் சொல்லும்.

குறைபாடுகளையும் மறைக்கக் கூடாது. பற்றரி பெரும்பாலும் இருபது, முப்பது நிமிடமே தாங்கும். கம்பத்தில் நிற்கும் காற்றுமானி ஆண்டு முழுவதும் இரவு பகலாக எழுதிக்கொண்டிருக்கும். ட்ரோன் போய்ப் பார்த்துவிட்டு வரும், அவ்வளவே. கம்பத்துக்குப் பதிலாக ட்ரோன் என்று எவராவது சொன்னால் அது தவறு. கடும் மழையில் பறக்காது. புயலின் உச்சத்தில், அளவு மிகவும் தேவைப்படும் அந்த நேரத்தில், எமது கைக்கெட்டும் சிறிய ட்ரோன்கள் நிலத்தில்தான் இருக்கும். 1964 டிசெம்பரில் மன்னாரையும் தனுஷ்கோடியையும் அழித்த புயலையோ, 1978 நவம்பரில் மட்டக்களப்பில் ஏறத்தாழ ஆயிரம் உயிர்களைக் கொண்டுபோன சூறாவளியையோ அவை அளந்திருக்க மாட்டா. 2025 நவம்பர் இறுதியில் நாட்டைச் சிதைத்த டித்வாவில் உயிர்களைக் கொண்டுபோனது பெரும்பாலும் வெள்ளமும் மண்சரிவுமே. காற்றை அளப்பதை எல்லாவற்றுக்கும் மருந்தாக நாம் காட்டவில்லை.

இப்போது முதற் கேள்விக்கு வருவோம்: இலக்கம் யாருடையது?

காற்றிலிருந்து எடுக்கும் வலு அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் வலு எட்டு மடங்கு. செக்கனுக்கு ஆறு மீற்றர் வீசும் இடத்தையும் ஏழு மீற்றர் வீசும் இடத்தையும் ஒப்பிட்டால் வலு ஒன்றரை மடங்குக்கு மேல் வேறுபடும். எமது மூக்குக்கு அந்த ஒரு மீற்றர் தெரியாது. முதலீட்டாளரின் கணக்கில் அது கோடிகள். இதனால்தான் காற்றாலைத் தொழிலில் அளந்த இலக்கங்களை வியாபார இரகசியமாகப் பாதுகாப்பது வழமை.

இலங்கையின் காற்று வளம் பற்றி அமெரிக்க ஆய்வுகூடம் ஒன்று 2003இல் வெளியிட்ட வரைபட நூல், நல்ல காற்றுள்ள நிலம் ஏறத்தாழ 4,100 சதுர கிலோமீற்றர் என்றும், அதில் 20,000 மெகாவாற் அளவுக்கு இடமுண்டு என்றும் கணித்தது. அதற்கு முன்னரே 1999இல் அம்பாந்தோட்டையில் மூன்று மெகாவாற் பரீட்சார்த்தக் காற்றாலை நிறுவப்பட்டது. பின்னர் கற்பிட்டி, பளை என்று வந்து, 2020 டிசெம்பரில் மன்னார்த் தீவில் 'தம்பபவனி' திறக்கப்பட்டது. முப்பது கோபுரங்கள், 103.5 மெகாவாற்; ஆசிய அபிவிருத்தி வங்கியின் 20 கோடி டொலர் கடன். ஒவ்வொரு விசிறி வட்டமும் 126 மீற்றர் விட்டம், அதாவது பனைக்கு மேல் பனையாக நான்கு பனை. அதற்குப் பின் வரவிருந்த பெரிய இந்தியக் கம்பனி 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. அதே ஆண்டு ஓகஸ்டில் வேறு திட்டங்களுக்கு எதிராக மன்னார் மக்களும் குருமாரும் தெருவில் இறங்கினார்கள். வேலைகள் தற்காலிகமாக நிறுத்தப்பட்டன. வெள்ளம் வடிந்தோடும் வழி, பறவைகள் வரும் பாதை, கரையோரத் தொழில் என்று அவர்கள் முன்வைத்த கேள்விகளை இங்கே மறுபடி எழுத வேண்டியதில்லை, வாசகர் நன்கறிவர்.

அந்தப் போராட்டத்தில் எமக்குப் பட்ட ஒரு விடயத்தை மட்டும் சொல்கிறோம். காற்றாலைக்காரரின் மேசையில் ஆண்டுக்கணக்கான இலக்கங்கள் இருந்தன. மக்களின் மேசையில் அனுபவம் இருந்தது. காற்றாலை வந்த பின் மழை குறைந்தது, காற்று மாறியது, மீன் விலகியது என்று மக்கள் சொன்னார்கள். அவை உண்மையா அல்லவா என்று தீர்த்துச் சொல்ல எம்மால் முடியாது. ஏனெனில் காற்றாலைக்கு முன்னான காலத்தின் கணக்கு மக்களின் கையில் இல்லை. சொல் ஒருபக்கம், இலக்கம் மறுபக்கம் என்றால் விசாரணை மண்டபத்தில் எது வெல்லும் என்பது தெரிந்ததே. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் சுற்றுச்சூழல் பற்றி எழுதிய சுற்றுமடலில், திட்டங்களின் பாதிப்பை ஆராயும் மேசையில் அவ்விடத்து மக்களுக்குச் சிறப்பான இடம் வேண்டும் என்று வலியுறுத்தினார். இடம் கிடைத்தாலும் வெறுங்கையோடு போய் உட்கார முடியுமா?

ஆகவே ட்ரோன் இங்கே ஏழைக்கும் கிட்டக்கூடிய கருவி என்பதே எமது வாதத்தின் மையம். நூறு மீற்றர் கம்பம் நாட்டக் காணியும் பெருந்தொகைப் பணமும் வேண்டும். நிலத்திலிருந்து லேசர்க் கதிரை அனுப்பி அளக்கும் கருவி இன்னும் விலை. சாய்வைக் கொண்டு அளக்கும் ட்ரோனை ஒரு கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கமும் ஒரு பல்கலைக்கழகப் பீடமும் சேர்ந்து தாங்க முடியும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் விவசாய பீடமும் கிளிநொச்சியிலேயே இருக்கின்றன. காற்று அங்கே இலவசம். மாணவருக்கு ஆய்வுக்குப் பொருள் தேடி வெளியே போகத் தேவையில்லை.

எப்படிச் செய்யலாம் என்பதிலும் எமக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. ஊருக்கு ஊர் ட்ரோன் வாங்குவது வீண். முதலில் ஒரு கரையில் மட்டும், ஆண்டில் சோளகம் ஒரு மாதமும் வாடை ஒரு மாதமும், காலையும் மாலையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் ஏற்றி இறக்கினால் போதும். தொடங்குமுன் வளிமண்டலவியல் திணைக்களத்தின் நிலையத்தருகே பறக்கவிட்டு ஒப்பிட வேண்டும். இல்லாவிட்டால் அந்த இலக்கத்தை எவரும் மதிக்க மாட்டார். நூறு மீற்றரில் அளப்பதோடு பத்து மீற்றரிலும் நிறுத்தி அளக்க வேண்டும், ஏனென்றால் காற்றாலை வாழ்வது நூறில், நாம் வாழ்வது பத்துக்குக் கீழே. வங்காலையைப் போன்ற பறவைச் சரணாலயங்களின் மேல், வலசைப் பறவைகள் தங்கும் மாதங்களில், கிட்டவும் போகக் கூடாது. பறவைக்காக வாதாடிய நாமே பறவையை வெருட்டுவது அழகல்ல. பக்கத்தில் ஒரு மூத்த சம்மாட்டியை அல்லது தொழிலாளியை இருத்தி, அவர் அன்றைய காற்றுக்கு என்ன பெயர் சொல்கிறார், கடலுக்குப் போகலாம் என்கிறாரா என்பதையும் இலக்கத்துக்குப் பக்கத்திலேயே எழுத வேண்டும். போஃபோர்ட் என்ற கடற்படை அதிகாரி 1805இல் வகுத்த காற்று அளவுத்திட்டமும் தொடக்கத்தில் இலக்க வேகமல்ல, கப்பல் எவ்வளவு பாய் விரிக்கலாம் என்ற கடலோடியின் கணக்குத்தான். இலக்கம் பின்னர் அதன்மேல் ஏறியது. சோளகத்துக்கும் வாடைக்கும் அவ்வாறு ஓர் அட்டவணை இதுவரை இல்லை.

கிடைக்கும் இலக்கம் அன்றைக்கே சங்கக் கட்டடத்தின் பலகையிலும் ஆலய அறிவித்தல் பலகையிலும் எழுதப்பட வேண்டும். தனியே வைத்திருக்க விரும்பும் எந்த நிறுவனத்தின் பணமும் இதற்கு வேண்டாம்.

கம்பனிகளும் அரசும் ஏற்கெனவே அளந்து வைத்திருப்பவற்றையும் கேட்டுப் பார்க்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அரச நிறுவனங்களை மட்டுமல்ல, அரசின் அனுமதிப்பத்திரத்தோடு பொதுச் சேவை செய்யும் தனியாரையும் அந்தச் சேவையின் அளவுக்குக் கட்டுப்படுத்துகிறது. வர்த்தக இரகசியம் என்று மறுக்க ஓர் இடம் அதில் உண்டு. பொதுநலன் அதைவிடப் பெரிதென்றால் வெளியிட வேண்டும் என்பதும் அதே சட்டத்திலேயே உண்டு. விண்ணப்பத்தைத் தமிழில் எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். மன்னார்த் தீவில் எந்தெந்த இடத்தில், எந்த உயரத்தில், எந்த ஆண்டு முதல் காற்று அளக்கப்பட்டது, அதன் மாதச் சராசரி என்ன என்ற கேள்விகளோடு நிலைபெறுதகு வலு அதிகாரசபைக்கு முதற் கடிதத்தை எந்தப் பங்கின் கிராம அபிவிருத்திச் சங்கமும் அனுப்பலாம்.